சூ கோவுக்கு வெங்காயம் ஆகாது

நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் சைகோன் பேச்சு வராமல் இருக்காது. காரைக்காலில் கல்யாணமோ கருமாதியோ, இலை போட்டு முடிவதற்குள் ஒருத்தர் பெரிய கடைத்தெரு ஐஸ்கிரீமை ஆரம்பிப்பார். இன்னொருத்தர் பென் தான் சந்தையின் மங்குஸ்தானைப் பிடித்துக்கொள்வார். கேட்கிற பேரப்பிள்ளைகள் நாமெல்லாம் ஏதோ கந்தர்வ லோகத்தில் வளர்ந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் புத்தர் கோயில்களை உடைத்து, பிக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த அறுபத்து மூன்றாம் வருஷத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். உங்கள் வீட்டு ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது.

போன மாதம் ஒரு சடங்கு வீட்டில், என் வயதுக்காரர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "நம்ம சந்துல ஒரு சொல்தா இருந்தானே, காட்டிக்கொடுக்கிற பய" என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த இடத்தில் சண்டை போட வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். வந்த பிறகும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் சரி.

சைகோன் மாரியம்மன் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் எங்களுக்கு மாடி வீடு. அப்பா ஒரு பிரெஞ்சுக்காரர் கம்பெனியில் எழுத்தர். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத மனுஷன். அம்மா காரைக்காலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் சந்தையில் விரலைக் காட்டிக் கத்தரிக்காய் வாங்கியவள், நான் பிறப்பதற்குள் வியட்நாம் பாஷையில் பேரம் பேசி மீன்காரியை அழவைக்கும் அளவுக்குத் தேறிவிட்டாளாம். நான் ஒரே பெண். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம்.

கீழ் வீட்டில்தான் சொல்தா மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயை நம் பக்கத்தில் 'சொல்தா' என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார், தவறாமல் குடிப்பார். அவர் மனைவி வியட்நாம்காரி. அவளுக்குப் புத்தர்தான் எல்லாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மீன், இறைச்சி தொடமாட்டாள். அந்தச் சைவச் சாப்பாட்டை அங்கே 'சாய்' என்பார்கள். முழங்கால் வரைக்கும் தலைமுடி. தலைக்கு ஊற்றிக்கொண்டு அதை வெயிலில் விரித்துப் போட்டால் படிக்கட்டு முழுக்க மணக்கும். சீயக்காய் மாதிரி ஒரு காயைச் சுட்டு வேகவைத்து அலசுவாள். நான் அந்த முடியைப் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

சொல்தா மாமாவை எங்கள் வீட்டுக்குப் பிடிக்காது. காரணம், சந்து முனையிலிருந்த காபிக் கடை. அங்கே மஃப்டிப் போலீஸ்காரர்களோடு உட்கார்ந்து, காபியைச் சாசரில் ஊற்றிக் குடித்துக்கொண்டு, மணிக்கணக்காகப் பேசுவார். போதாக்குறைக்கு அவர் கத்தோலிக்கர். அப்போது நாட்டை ஆண்டவர்களும் கத்தோலிக்கர்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அப்பாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "கீழ இருக்கிறவன் காது ரொம்ப நீளம், மெதுவாப் பேசு" என்று அம்மாவைத் தினமும் அதட்டுவார்.

சூ கோ எங்களுக்குக் கிடைத்தது இந்தக் கீழ்வீட்டு அம்மாளால்தான். பிக்குணியை அங்கே 'சூ கோ' என்று கூப்பிடுவார்கள். மஞ்சள் துணி போர்த்திய இரண்டு பிக்குணிகள், ஒருத்தி வயதானவள், ஒருத்தி இருபதுகூட நிரம்பாதவள், காலையில் வெறுங்காலோடு எங்கள் சந்துக்கு வருவார்கள். கையில் மண்சட்டி. சுட்டுச் சுட்டுக் கறுத்த ஓடு. வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். வாசலில் கொஞ்சம் நிற்பார்கள், போட்டால் வாங்கிக்கொள்வார்கள், போடாவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். கிடைத்ததை நண்பகலுக்கு முன்னால் ஒரே வேளையாகச் சாப்பிடுவார்கள். அதற்கப்புறம் மறுநாள் வரைக்கும் தண்ணீர்தான்.

அம்மாவுக்கு இது தாங்காது. முதல் நாளே சோறும் சாம்பாருமாகக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். கீழ்வீட்டு அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். மாமிசம் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டு எதுவும் அவர்களுக்கு ஆகாதாம். சாம்பார் முழுக்கச் சின்ன வெங்காயம். அம்மா கூனிக்குறுகிப் போனாள். இளைய பிக்குணிதான் சிரித்துவிட்டு, சோற்றை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டாள். சிரித்தால் அவளுக்கு ஒரு பல் கோணலாகத் தெரியும். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சமையலில் வெங்காயம் நின்றது. அப்பா முனகினார். "சூ கோவுக்கு ஆகாது" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எங்களுக்குச் சூ கோ என்றால் அந்த இளையவள்தான். அம்மாவிடமிருந்து அவள் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டாள். போதும். அம்மாவுக்கோ போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். சூ கோ சட்டியைக் கையால் மூடிக்கொண்டு, "போதும், போதும்" என்று பின்வாங்குவாள். அம்மா விரல் சந்து வழியாகக்கூட ஒரு கரண்டி விட்டுவிடுவாள். தினமும் இந்தக் கூத்து நடக்கும்.

சித்திரை போய் வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாள் வந்தது. கீழ்வீட்டு அம்மாள் எங்களையும் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். குழந்தைப் புத்தர் ஒரு விரலை வானத்துக்கும் ஒரு விரலைப் பூமிக்கும் காட்டிக்கொண்டு தாம்பாளத்தில் நிற்கிறார். வரிசையில் போய் ஒவ்வொருவரும் அவர் தோளில் பூ மிதக்கும் தண்ணீரைச் சின்ன அகப்பையால் ஊற்ற வேண்டும். மல்லிகையும் ஊதுவத்தியும் கலந்த வாடை. நான் தலையில் ஊற்றப்போனேன். சூ கோ என் கையைப் பிடித்துத் தோளுக்கு இறக்கினாள். "குளிப்பாட்டுவது அவரை அல்ல, நம்மை. அவர் அழுக்காகவா இருக்கிறார்?" என்றாள். அந்த வருஷம் கோயில் வாசலில் ஐந்து நிறக் கொடியைக் காணோம். ஏற்றக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. வடக்கே ஒரு ஊரில் அதற்காகத் துப்பாக்கிச் சூடு நடந்து பிள்ளைகள்கூடச் செத்துப்போனார்கள் என்ற சேதி அதே வாரம் சந்துக்குள் வந்தது. அப்புறம் ஒரு பிக்கு நடுத்தெருவில் உட்கார்ந்து தன்னைத் தானே எரித்துக்கொண்டார். அப்பா ஜன்னலுக்குத் திரை போட்டார்.

ஒரு நாள் அப்பா ஆபீஸுக்குப் புறப்படும்போது சொல்தா மாமா படிக்கட்டில் மறித்தார். ஆண்களை மெஸ்யே, பெண்களை மதாம் என்று பிரெஞ்சில்தான் கூப்பிடுவார்.

"மெஸ்யே, மஞ்சத்துணி நம்ம படில ஏறாம பாத்துக்கங்க. யார் யார் வீட்ல சோறு போடறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கானுங்க."

அப்பா மேலே திரும்பி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "கேட்டியா? மெரட்டுறான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தக் குரலே அப்படி. பட்டாளத்துக் குரல், நல்லதைச் சொன்னாலும் அதட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

ஆவணி மாதத்தில் ஓர் இரவு நகரம் முழுக்கக் கோயில்களை உடைத்தார்கள். மணிச் சத்தமும் தகரத்தைத் தட்டுகிற சத்தமும் எனக்குத் தூக்கத்தில் கேட்டது. விடிந்து ஊரடங்கு தளர்ந்ததும் அம்மா பால் வாங்கக் கதவைத் திறந்தாள். படியில் சூ கோ உட்கார்ந்திருந்தாள். மேல்துணி கிழிந்திருந்தது. மண்சட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தாள். வயதான பிக்குணியை லாரியில் ஏற்றிவிட்டார்களாம். இவள் குளியலறைச் சுவரேறிக் குதித்திருக்கிறாள். அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நாம அந்நிய நாட்டு ஆளுங்க. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், கப்பல்ல ஏத்திடுவான். அதுக்கு முன்னாடி உள்ள வச்சு அடிப்பான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

அம்மாவோ அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டாள். அடியிலிருந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்தாள்.

"உங்க தங்கச்சி வந்திருக்கா. காரைக்கால்லேருந்து. புருசன் தவறிட்டாரு. தலைய மழிச்சிருக்கு. யாரு கேட்டாலும் இதான்."

"என் தங்கச்சி தலைய மழிக்கலையேடி. அது ஐயர் வீட்டு வழக்கம். நம்ம சாதியில ஏது?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த ஊர்ப் போலீசுக்குத் தெரியுமா?"

சூ கோவுக்கு விஷயத்தை விளக்கியபோதுதான் சிக்கல் வந்தது. புடவை கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் யாராவது கேட்டால், நான் இவர் தங்கை என்று சொல்லமாட்டாளாம். அவர்களுக்கு ஐந்து விலக்கு: உயிரைக் கொல்லக் கூடாது, கொடுக்காததை எடுக்கக் கூடாது, தகாத உறவு கூடாது, பொய் சொல்லக் கூடாது, போதை கூடாது. எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கே அது உண்டு என்றால், துறவிக்குக் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டிவிட்டு, நாலாவது விரலில் நிறுத்தினாள்.

"உங்களுக்கும் என்னால் ஒரு பொய் சேரக் கூடாது" என்றாள்.

"என் பொய்ய நான் பாத்துக்கிறேன். நீ வாய மூடிக்கிட்டு இரு, அது போதும்" என்று அம்மா தமிழிலேயே கத்திவிட்டு, அப்புறம் வியட்நாம் பாஷையில் பதமாகச் சொன்னாள். "துணி பேசாதில்ல? கட்டிக்க."

அப்படித்தான் எனக்கு ஓர் அத்தை வந்து சேர்ந்தாள். சாமி படத்துக்குக் கீழே மூலையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. நண்பகல் தாண்டினால் பச்சைத் தண்ணீர். அவள் பசியைப் பார்க்க முடியாமல் அம்மா சாயங்காலம் எதையாவது நீட்டுவாள். அவள் சிரித்துவிட்டு வேண்டாமென்று தலையசைப்பாள். எறும்பு வரிசை ஒன்று அவள் புடவை ஓரமாகப் போனபோது, அது போய் முடிகிறவரை அசையாமல் இருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்த நாட்களில் அவள்மேல் அப்படியொரு பிரியம். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்போம். அவள் எங்களைப் பார்க்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. அம்மா குளித்துவிட்டு விளக்கேற்றினாள். எனக்குக் குங்குமம் வைத்தாள், தனக்கு வைத்துக்கொண்டாள், அதே கையோடு சூ கோவின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அப்பா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னடி பண்ற? அவ தாலி அறுத்தவன்னு சொல்லிட்டு..."

"சின்னப் பொண்ணுங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா பாழ்நெத்தியோட எப்படிங்க பாக்கிறது?"

அழிப்பதற்குள் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இந்த முறை தாண்டிப் போகவில்லை. கதவு தட்டப்பட்டது.

ஓர் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் சொல்தா மாமா. அவரைப் பார்த்ததும் அப்பாவின் கண்ணில் தெரிந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முடிந்தது கதை என்று எழுதியிருந்தது. சட்டையின் மேல் பித்தானைப் போட அவர் விரல் தேடிக்கொண்டே இருந்தது, அகப்படவில்லை.

ஒருவன் பீரோவைக் கிளறினான். ஒருவன் சமையலறைக்குப் போனான். அங்கேதான் அந்தக் கறுத்த மண்சட்டி. சந்துக்கே தெரிந்த பிச்சைச் சட்டி. அவன் அதைத் தூக்கியபோது வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, உண்மையிலேயே அதற்குள் அம்மா புளியைத்தான் கரைத்து வைத்திருந்தாள். அவன் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். முகம் கோணியது. வைத்துவிட்டான்.

அதிகாரி சூ கோவின் முன்னால் போய் நின்றார். "யார்?"

"என் தங்கை. ஊரிலிருந்து வந்திருக்கிறாள். கணவன் இறந்துவிட்டான்" என்றார் அப்பா.

"தலை?"

"அது எங்கள் வழக்கம்."

அதிகாரி சொல்தா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள் ஆட்களில் அப்படி உண்டா?"

சொல்தா மாமா கிட்டே வந்தார். மொட்டைத் தலையைப் பார்த்தார். அதற்குக் கீழே வட்டமாகச் சிவந்திருந்த குங்குமத்தைப் பார்த்தார். எந்தத் தமிழனுக்கும் அந்த இரண்டும் ஒரே முகத்தில் பொருந்தாது என்று தெரியும். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. நகம் பதிந்தது.

"உண்டு" என்றார் அவர். "புருஷன் செத்தால் மழித்துவிடுவார்கள். பாவம்."

"பேசு அவளோடு. உங்கள் பாஷையில். என்ன சொல்கிறாள் என்று எனக்குச் சொல்."

சொல்தா மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாராய வாடை அடித்தது. மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, அண்ணன் வீட்ல சாப்பாடுல்லாம் நல்லாப் போடறாங்களா?"

சூ கோ நிமிர்ந்தாள். அவள் பொய் சொல்லமாட்டாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வியட்நாம் பாஷையில் ஒரு வார்த்தை வந்தாலும் தொலைந்தோம். அவள் அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சாப்பாடு என்ற சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

"போதும்" என்றாள். "போதும், போதும்."

பொய்யில்லை. அம்மா போட்ட சோற்றுக்கு அதைவிட உண்மையான பதில் கிடையாது.

சொல்தா மாமா எழுந்து அதிகாரியிடம் வியட்நாம் பாஷையில் அவிழ்த்துவிட்டார். கணவனுக்கு விஷக் காய்ச்சலாம், பிள்ளை குட்டி கிடையாதாம், கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாளாம், இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம், அண்ணன் தங்கமானவனாம், அண்ணன் பெண்டாட்டிதான் கொஞ்சம் வாய்க்காரியாம்.

"அவள் சொன்னது ஒரு வார்த்தைதானே?" என்றார் அதிகாரி.

"எங்கள் பாஷை அப்படி, மெஸ்யே. சுருக்கம்."

அதிகாரி சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போனார்கள். சொல்தா மாமா கடைசியாக வாசலில் நின்றார். படியில் இன்னும் பூட்ஸ் சத்தம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"மதாம், ரெண்டு தப்பு. உங்க வீட்ல மொட்டை அடிக்கிற வழக்கம் கிடையாது. அடிச்ச தலையில குங்குமம் வைக்கிற வழக்கம் எந்த வீட்லயும் கிடையாது. நாளைக்கு மத்தியானம் வர்றேன். கதவத் தொறக்காதீங்க, யாரும் வெளிய போகாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அந்தப் படியில் நின்று சொல்ல முடியாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கு மத்தியானம் எதுக்கு வர்றானாம்?" என்றார் அப்பா, கதவைச் சாத்தியதும். "பேரம் பேசத்தான். இன்னைக்குக் காப்பாத்தின மாதிரி காப்பாத்திட்டு, கழுத்தப் பிடிப்பான். வெளிய போகாதன்னு சொல்றதே கோழிய அடைச்சு வைக்கிற மாதிரிதான்."

"அவரு நல்லதுக்குக்கூடச் சொல்லியிருக்கலாங்க" என்றாள் அம்மா. ஆனால் அவள் குரலிலும் பலம் இல்லை.

"காபிக் கடையில யாரோட உக்காந்திருக்கான்னு உனக்குத் தெரியாது?"

அம்மாவும் தெரிந்ததாகத்தான் நினைத்தாள். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், இல்லையா?

மித்தோ என்கிற ஊரில் சூ கோவின் கூட்டத்தார் மடம் ஒன்று இருந்தது. காலையில் பஸ் ஏற்றிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். சூ கோவிடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "நான் இருந்தால் இந்த வீட்டில் பொய் வளர்ந்துகொண்டே போகும்" என்றாள். மண்சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதோடு போனால் அகப்பட்டுக்கொள்வாள். அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் கன்னத்தைத் தொட்டாள். விடிந்ததும் வெள்ளைப் புடவையின் தலைப்பை மொட்டைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினாள். அம்மா வெங்காயம் போடாத புளிச்சோற்றை இலையில் கட்டி மடியில் வைத்தாள். அவள் போதும் என்று சொல்லவில்லை, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

சொன்னபடி மத்தியானம் சொல்தா மாமா வந்தார். கூடவே அவர் மனைவி. அவள் தலையில் கட்டம் போட்ட துணியைச் சுற்றியிருந்தாள். இடுப்பில் வாழையிலை மூடிய கூடை.

"எங்க அந்தப் பொண்ணு?" என்றார்.

"போயிட்டா" என்றார் அப்பா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். தன் கழுத்து இனி யார் கைக்கும் அகப்படாது என்ற தைரியம்.

"எங்க போயிட்டா?"

"மித்தோ பஸ்ஸுக்கு."

சொல்தா மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ மெஸ்யே! அந்த பஸ் ஸ்டாண்டுலதான் நேத்துலேருந்து பொம்பளைங்க தலைத்துணிய எடுத்து எடுத்துப் பாக்கறானுங்க. காபிக் கடையில சொன்னானுங்க. அதுக்காகத்தானே வெளிய அனுப்பாதீங்கன்னேன்."

அவர் மனைவி கூடையை இறக்கி வைத்தாள். வாழையிலை நழுவியது. உள்ளே சந்தைக்காரிகள் போடுகிற கறுப்புச் சட்டையும் கால்சட்டையும், ஓலைத் தொப்பியும் இருந்தன. தொப்பிக்குள் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. நான் முதலில் ஏதோ பிராணி என்று பயந்தேன். குனிந்தேன். அந்தச் சுட்ட காயின் வாசனை வந்தது. பின்னிக் கொண்டையாகச் சுற்றி, தொப்பியின் உள்விளிம்பில் ஊசி நூலால் தைத்திருந்தாள். எந்தக் காவல்காரனுக்கு முன்னாலும் தலைநிமிர்ந்து போகலாம், பிடரியில் கொண்டை தெரியும்.

அப்போதுதான் அம்மா அவள் தலைத்துணியைப் பார்த்தாள். காதுக்கு மேலே, முடி இருக்க வேண்டிய இடத்தில், கத்தரிக்கோல் தாறுமாறாகப் போன தடம் தெரிந்தது.

அப்பா சட்டைகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரே முறைதான். திரும்பி வந்தபோது ரிக்‌ஷாக்காரன் கூட வந்தான். பஸ் நிலையத்து வாசலில் சோதனை, பெண்களை நிறுத்தித் தலைத்துணியை விலக்கச் சொன்னார்கள், இவளிடமும் வந்தார்கள், யார் நீ என்று கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புளிச்சோற்றுப் பொட்டலம் வண்டியிலேயே கிடந்தது என்று திருப்பிக் கொடுத்தான்.

அடுத்து வந்த பௌர்ணமி 'வூ லான்'. நாதியில்லாமல் அலைகிற ஆவிகளுக்குத் தெருவோரத்தில் கஞ்சியும் உப்பும் அரிசியும் படைக்கிற நாள். அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்குச் சிவப்புப் பூவும், இல்லாதவர்களுக்கு வெள்ளைப் பூவும் சட்டையில் குத்திவிடுவது புதிதாக வந்திருந்த வழக்கம். கீழ்வீட்டு அம்மாள் எனக்குச் சிவப்புப் பூ குத்தினாள். நடைபாதையில் இலையைப் பரப்பி வரிசையாகக் கிண்ணம் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா வெங்காயமில்லாச் சோற்றை அந்த மண்சட்டியில் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"இது செத்தவங்களுக்கு மட்டும்தானா?" என்று அவள் பாஷையில் கேட்டாள்.

கீழ்வீட்டு அம்மாள் ஆமென்று தலையசைத்தாள்.

அம்மா சட்டியைக் கீழே வைக்கவில்லை. திரும்பி மேலே ஏறிவிட்டாள்.

ஐப்பசியில் அரசாங்கம் கவிழ்ந்தது. சிறைகளைத் திறந்துவிட்டார்கள். ஊரே பட்டாசு வெடித்தது, அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். வயதான பிக்குணி திரும்பவும் சந்துக்கு வந்தாள். பக்கத்தில் வேறொரு இளையவள். அம்மா படியிறங்கி ஓடினாள். அவள் எங்களோடு இல்லை என்றாள் கிழவி. விசாரிக்கிறோம் என்றாள். அப்புறம் சட்டியை நீட்டினாள். அம்மா போட்டாள்.

அப்பா அதற்குப் பிறகு சொல்தா மாமாவைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது, அவர் இறந்த பிறகும்கூட இருந்தது. இப்போது அவருடைய வயதையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. காபிக் கடையைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், மனுஷனைப் பார்க்க மறந்துபோனார். அந்தக் காபிக் கடையில் உட்கார்ந்து சொல்தா மாமா பொறுக்கியதெல்லாம், இன்றைக்கு எங்கே சோதனை, நாளைக்கு எந்தத் தெரு என்கிற சேதிகள். யாருக்கெல்லாம் அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. புதுச்சேரியில் அவர் செத்தபோது நம் ஆட்களில் நாலு பேர்கூடப் போகவில்லை. எனக்கே மறுமாதம்தான் தெரிந்தது.

சூ கோவுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நாட்காட்டி தேவைப்படவில்லை. கீழ்வீட்டு அம்மாளின் முடி வளர்வதைப் பார்த்தால் போதும். முதலில் முள்ளுமுள்ளாக நின்றது. டைபாய்டு வந்து கொட்டிவிட்டதென்று சந்தில் பேசிக்கொண்டார்கள், அவளும் மறுக்கவில்லை. மார்கழியில் காதை மூடியது. அவர்கள் வருஷப் பிறப்பு வந்தபோது பிடரியைத் தொட்டது. சூ கோ வரவில்லை.

புது வருஷத்துக்கு முந்தின நாள் அம்மா தேங்காயெண்ணெயைச் சூடு காட்டி, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா அவளைப் படியில் உட்காரவைத்து, பின்னால் தான் உட்கார்ந்து, உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது, கழுத்தில் வழிந்தது. அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கீழ்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனிடம் கற்ற தமிழில் சொன்னாள்.

"போதும்."

யார் எத்தனை தடவை போதும் என்றாலும் இன்னொரு கரண்டி போடுகிறவள் என் அம்மா. அன்றைக்குத்தான் முதல் முறையாக, ஒரு தடவை சொன்னதற்கே அவள் கை நின்றது. கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, அந்தக் குட்டை முடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.